சோமர்லெட்டின் எழுச்சியை நாவலாக எழுத: முதல் குறிப்பேட்டிலிருந்து கடைசி அத்தியாயம் வரை

1164இல், ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில் ரென்ஃப்ரூ என்ற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பாதிரியார் ஒரு பிணத்தின் தலையை அறுத்தெடுத்து கிளாஸ்கோ ஆயரின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆயர் அந்த வெற்றியைப் புனிதர்களின் கணக்கில் எழுதினார். அங்கேயே இருந்த வில்லியம் என்ற குருமார் ஒருவர் இதையெல்லாம் லத்தீன் பாட்டாக எழுதிவைத்தார். தலைக்குச் சொந்தக்காரன் சோமர்லெட். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையையும் ஹெப்ரிடீஸ் தீவுகளையும் மேன் தீவையும் சேர்த்து ஆண்டவன். பாதி கேலிக் (அயர்லாந்திலும் மேற்கு ஸ்காட்லாந்திலும் கேலிக் மொழி பேசிய கேல்கள்), பாதி நார்ஸ் (நார்வே வழி வந்தவர்கள்).

இவனைப் பற்றித் தமிழில் ஒரு வரலாற்று நாவல் எழுத நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி. நான் ஒருமுறை தொடங்கி, எழுபது பக்கம் எழுதி, முழுவதையும் குப்பையில் போட்டவன். ஏன் போட்டேன் என்பதும் வழியில் வரும்.

படி 1: யார் சொன்னது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

சோமர்லெட் தன்னைப் பற்றி ஒரு வரியும் விட்டுச் செல்லவில்லை. மெய்க்கீர்த்தி படித்துப் பழகிய நமக்கு இது புதிது. நம் அரசர்கள் தங்கள் புகழைத் தாங்களே கல்லில் வெட்டி வைத்தார்கள். இவனைப் பற்றி மற்றவர்கள்தான் பேசுகிறார்கள். அதிலும் பெரும்பாலோர் இவனிடம் தோற்றவர்கள், அல்லது இவன் செத்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள்.

முக்கியமானவை ஐந்து. மேன் தீவின் நாளேடு (செய்தித்தாள் அல்ல, ஆண்டுவாரியாக நடந்ததை எழுதிவைத்த பதிவு), ரஷன் மடத்துத் துறவிகள் லத்தீனில் தொகுத்தது. அந்த மடத்துக்கு நிலம் கொடுத்தவன் மேன் அரசன் ஓலாஃப். அவன் மகனைத்தான் சோமர்லெட் நாட்டை விட்டே துரத்தினான் என்பதால் அங்கே இவனுக்கு நல்ல பெயர் கிடைக்க வாய்ப்பில்லை. அடுத்தது ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் மடத்து நாளேடு. அதற்கு இவன் ராஜத்துரோகி. மூன்றாவது, மேலே சொன்ன வில்லியமின் பாட்டு. நான்காவது அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்புகள். இவற்றில்தான் கொஞ்சம் நடுநிலை உண்டு. ஐந்தாவது ஆர்க்னி தீவுத் தலைவர்களின் கதையைச் சொல்லும் ஐஸ்லாந்து சாகா, அதாவது உரைநடைப் பழங்கதை. கதைக்கு நல்லது, தேதிக்கு ஆபத்து. இவை போக, 17ஆம் நூற்றாண்டில், இவன் வழியில் வந்ததாகச் சொல்லும் மக்டொனால்ட் குலத்தார் எழுதிவைத்த குலவரலாறு இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு படி வேண்டும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே யார் சொன்னது, அவருக்கு அதில் என்ன லாபம் என்று இரண்டு பத்தி போடுங்கள். எப்படி உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். சோமர்லெட்டின் தகுதி என்ன? சாகா அவனை நிலம் உள்ள பெருங்குடியானவன் என்கிறது. மெல்ரோஸ் நாளேடு ஆர்கைலின், அதாவது மேற்குக் கரையின், குட்டி அரசன் என்கிறது, அந்த லத்தீன் சொல்லிலேயே ஏளனம் இருக்கிறது. ஐரிஷ் குறிப்பு ஒன்று தீவுகளுக்கும், ஆர்கைலின் தென்முனைத் தீபகற்பமான கின்டயருக்கும் அரசன் என்கிறது. ஒரே ஆள், மூன்று மரியாதை. எழுச்சி பற்றிய நாவல் எழுதப் போகிறவருக்கு இதைவிட நல்ல முரண்பாடு வேறெங்கே கிடைக்கும்? அவனை யார் எந்தப் பட்டத்தால் கூப்பிடுகிறார்கள் என்பது அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறட்டும். வேறு விளக்கம் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. மெல்ரோஸ் நாளேடு இவன் 12 ஆண்டுகள் அரசனுக்கு எதிராகக் கலகம் செய்தான் என்று கோபத்தோடு எழுதுகிறது. ஆனால் அதே அரசன் நான்காம் மால்கம், ஃபிளாண்டர்ஸ்காரர் ஒருவருக்கு நிலம் கொடுத்த பட்டயத்தில், தேதிக்குப் பதிலாக ‘எனக்கும் சோமர்லெட்டுக்கும் சமாதானம் ஆன பிறகு வந்த கிறிஸ்துமஸ், பெர்த் நகரில்’ என்ற பொருளில் குறிக்கிறான். அது 1160ஆக இருக்க வேண்டும். ஒரு சமாதானம் நாள்காட்டியே ஆகிவிட்டது என்றால் அதற்கு முன்னால் இருந்த பயம் எவ்வளவு பெரியது! நாளேடு மறைத்ததை ஒரு நிலக்கொடை காட்டிக்கொடுத்துவிட்டது. இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பிடியுங்கள். நாவல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

படி 2: வரைபடத்தில் கடலைச் சாலையாகப் படியுங்கள்

நான் தூக்கிப் போட்ட எழுபது பக்கத்தில் எல்லோரும் குதிரையில் போனார்கள். அதுதான் தவறு. நம் வரலாற்று நாவல்களில் கதாநாயகன் குதிரையில் வந்து ஏரிக்கரையில் நிற்பான், சரி. ஆனால் ஆர்கைலில் நிலம் என்பது மலை, சதுப்பு, கடல் புகுந்து அறுத்த பள்ளத்தாக்கு. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நிலவழியே இரண்டு நாள் ஆகும் இடத்துக்குப் படகில் அரை நாளில் போய்விடலாம். கின்டயர் முனையிலிருந்து அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கரை சுமார் 20 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்தால் அக்கரை தெரியும். ஸ்காட்லாந்து அரசனின் அரண்மனையைவிட அயர்லாந்து பக்கம்.

ஊர்ப்பெயர்களே கதை சொல்லும். மேற்குக் கரைக்கு ஆர்கைல் என்று பெயர், ‘கேல்களின் கரை’ என்று பொருள். எதிரே இருக்கும் தீவுகளை கேலிக் பேசுபவர்கள் ‘அந்நியர் தீவுகள்’ என்றார்கள். அந்நியர் என்றால் நார்வேயிலிருந்து வந்து மூன்று நூற்றாண்டாகக் குடியிருப்பவர்கள். பெண் கொடுத்து பெண் எடுத்து இரண்டு மொழியும் பேசிய கலப்பு மக்களுக்கு ‘அந்நிய கேல்கள்’ என்றே ஒரு பெயர் இருந்தது. கரைக்கும் தீவுக்கும் நடுவில் உள்ள நீரில்தான் சோமர்லெட் வளர்ந்தான்.

1098இல் நடந்த ஒரு கூத்தை முன்னுரை அத்தியாயமாக வைக்கலாம். நார்வே அரசன் மேக்னஸ் பெரும் படையோடு வந்தான். தீவுகள் எல்லாம் அவனுக்கு என்று ஸ்காட்லாந்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. எது தீவு என்பதற்கு ஒரு விதி: சுக்கான் பொருத்திய கப்பல் சுற்றிவரக்கூடிய நிலமெல்லாம் தீவு. கின்டயர் தீவு அல்ல, தீபகற்பம். டார்பெர்ட் என்ற இடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் நிலம் அதைப் பெருநிலத்தோடு ஒட்டவைத்திருக்கிறது. மேக்னஸ் ஒரு படகைத் தரையில் வைத்து, தான் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, ஆட்களை விட்டு அந்த ஒன்றரை கிலோமீட்டரும் இழுக்கச் சொன்னான். சுற்றியாயிற்று, ஆகவே தீவு. சாகா இதைச் சிரிக்காமல் சொல்கிறது. அன்று அதை ஓரமாக நின்று பார்த்த உள்ளூர்க்காரர்களில் சோமர்லெட்டின் அப்பனோ பாட்டனோ ஒருவன் இருந்ததாகக் கற்பனை செய்வதில் தப்பில்லை.

கப்பலைப் பற்றித் தெளிவு வேண்டும். பலகைமேல் பலகை சற்றே ஏறியிருக்கும்படி வைத்து இரும்பு ஆணி அறைந்து கட்டியவை. இடுக்குகளில் தார் தோய்ந்த கம்பளி. ஒற்றைப் பாய்மரம், சதுரப் பாய், பாயும் கம்பளி நெய்ததுதான். காற்று இல்லாவிட்டால் தண்டு வலிக்க வேண்டும். பின்னாளில் இவற்றை பிர்லின் என்றார்கள். சோமர்லெட்தான் பின்பக்கச் சுக்கானைக் கண்டுபிடித்தான், அதனால்தான் ஜெயித்தான் என்று பலரும் எழுதுவதைப் பார்க்கலாம். பின்சுக்கானோடு கப்பல் செதுக்கிய மேற்குக் கரைக் கல்லறைகள் எல்லாம் அவனுக்குப் பல தலைமுறை பிந்தியவை. நாவலில் வைக்க ஆசையாக இருந்தால் வையுங்கள், ஆனால் முழு வெற்றியையும் ஒரு மரத்துண்டின்மேல் ஏற்றாதீர்கள்.

சொற்களுக்கு சங்க இலக்கியத்துக்கு ஓட வேண்டாம். நாவாய், வங்கம் என்று போட்டால் கப்பல் அருங்காட்சியகத்தில் நிற்கும். நம் கடற்கரையில் இன்றும் புழங்கும் சொற்கள் போதும்: அணியம் (கப்பலின் முன்பகுதி), தண்டு (துடுப்பு), நீவாடு (நீரோட்டம்), சுக்கான். ‘நீவாடு மாறிவிட்டது, அணியத்தைத் திருப்பு’ என்றால் வாசகர் முகத்தில் உப்புநீர் தெறிக்கும். ஜூரா, ஸ்கார்பா தீவுகளுக்கு இடையே கோரிவ்ரெக்கன் என்ற பெருஞ்சுழி இருக்கிறது. வற்று, பெருக்கு நேரம் தெரியாமல் அந்த வழியில் போனால் தொலைந்தோம். அந்த நேரம் தெரிந்தவனுக்கு அதுவே கோட்டைச் சுவர். சோமர்லெட்டின் பலம் வாளில் இல்லை, இந்த மாதிரி நீர்க்கணக்கில்தான் என்பது என் கட்சி.

படி 3: பெயரையும் பேச்சையும் முடிவு செய்யுங்கள்

சோமர்லெட் என்பது நார்ஸ் பெயர். ‘கோடையில் பயணம் போகிறவன்’ என்று பொருள். கோடையில் கப்பலேறிப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் எதற்காகப் போனார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அப்பன் பெயர் கில்லே பிரிஜ்டே, புனித பிரிஜித்தின் அடியான். பாட்டன் பெயர் கில்லே அடம்நான், ஐயோனா மடத்துப் புனிதர் அடம்நானின் அடியான். அடியான், அடியான், அதற்கடுத்துக் கொள்ளைக்காரன்! கேலிக் அப்பன் பிள்ளைக்கு நார்ஸ் பெயர் வைத்தான் என்றால் அந்த வீட்டில் அம்மா யார், ஆயா யார், விருந்துக்கு யார் வந்து போனார்கள் என்று ஒரு முழு அத்தியாயமே விரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குலவரலாறு இவனை அயர்லாந்துப் பழைய அரச வம்சத்தில் கொண்டு போய் இணைக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் மரபணு ஆய்வு செய்தார்கள். இவன் வழியில் வந்ததாகச் சொல்லும் குலத்தலைவர்களின் தந்தைவழிக் குரோமோசோம் ஸ்காண்டிநேவியப் பக்கம் கை காட்டியது. நாவலாசிரியருக்கு இரண்டுமே வேண்டும். ரத்தம் ஒன்று, சொல்லிக்கொள்வது ஒன்று.

தமிழில் பேச்சு எப்படி? கேலிக் பேசுபவர்களுக்கு ஒரு வட்டார வழக்கு, நார்ஸ் பேசுபவர்களுக்கு இன்னொன்று என்று பிரித்துப் பார்த்தேன். பத்தாவது பக்கத்திலேயே ஒருத்தன் திருநெல்வேலிக்காரனாகவும் இன்னொருத்தன் கோவைக்காரனாகவும் மாறி, நாவல் திரைப்பட நகைச்சுவைக் காட்சி ஆகிவிட்டது. அதை விடுங்கள். எளிய எழுத்துத் தமிழ் போதும். எந்த மொழியில் பேசினான் என்பதைச் சொன்னால் சரி: ‘நார்ஸில் கேட்டான். அவள் கேலிக்கில் பதில் சொன்னாள்.’ இந்த இரண்டு வரியில் ஒரு கல்யாண வாழ்க்கையே அடங்கிவிடும். ‘மன்னர் மன்னா, வாழ்க நின் கொற்றம்’ வகை வசனம் மட்டும் வேண்டவே வேண்டாம். புகைமூட்டமான கூடத்தில், மீன் நாற்றத்துக்கு நடுவில், யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

படி 4: குலக்கதைகளை எங்கே வைப்பது

இளமைக் காலம் பற்றி நாளேடுகள் மௌனம். குலவரலாறு மட்டும் வாய் ஓயாமல் பேசுகிறது. மூன்று கதைகள் பிரபலம்.

மேற்குக் கரையில் உள்ள மோர்வெர்ன் பகுதி ஆட்கள் தலைவன் இல்லாமல் திண்டாடி இவனிடம் வந்தார்கள். இவன் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். ‘இந்தச் சால்மன் சிக்கினால் வருகிறேன்’ என்றான். சிக்கியது, போனான். அடுத்தது, ஆள் குறைவாக இருந்தபோது மாடுகளை அடித்து, தோலைப் போர்த்தி, ஒரே கூட்டத்தை வேறு வேறு வேடத்தில் குன்றைச் சுற்றிவரச் செய்து எதிரிக்குப் பெரும்படையாகக் காட்டினான். மூன்றாவதுதான் ருசியானது. ஓலாஃபின் மகள் ரக்ன்ஹில்டை இவன் கேட்டான், ஓலாஃப் மறுத்துவிட்டான். இவனுடைய கூட்டாளி ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாக ஓலாஃபின் கப்பலில் துளை போட்டு, அவற்றைக் கொழுப்பால் அடைத்தான். நடுக்கடலில் அலை அடித்துக் கொழுப்பு கரைந்தது, தண்ணீர் ஏறியது. பக்கத்திலேயே வந்த சோமர்லெட், பெண்ணைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்தால்தான் காப்பாற்றுவேன் என்றான்.

இவற்றை நடந்ததாகவே எழுதினால் அம்மாயி சொன்ன கதை ஆகிவிடும். ஒதுக்கினால் சாரம் போய்விடும். என் யோசனை: இவற்றை யாராவது சொல்ல, யாராவது கேட்பதாக வையுங்கள். உதாரணத்துக்கு, கொழுப்புக் கதையை இருபது வருஷம் கழித்து ஒரு தண்டு வலிப்பவன் ரக்ன்ஹில்டின் மகனிடம் சொல்கிறான். பையன் வீட்டுக்கு வந்து, ‘அம்மா, உங்களைக் கட்ட அப்பா கப்பலையே ஓட்டை போட்டாராமே?’ என்கிறான். அவள் வெண்ணெய் கடைந்துகொண்டே, ‘துளை போட்டது நிஜம்தான். ஆனால் என் அப்பா கப்பலில் இல்லை, சீதனத்தில்’ என்கிறாள். கதை பொய்யாகவே இருக்கட்டும், அது குடும்பத்தில் என்ன வேலை செய்கிறது என்பது உண்மையாக இருந்தால் போதும்.

படி 5: முதுகெலும்பு, 1140 முதல் 1158 வரை

இங்கேதான் உட்கார்ந்து உழைக்க வேண்டும். வரிசை இதுதான்.

1140 வாக்கில் கல்யாணம். மேன் நாளேடு இந்தக் கல்யாணத்தைச் சொல்லிவிட்டு, தீவு ராஜ்யமே அழிந்ததற்கு இதுதான் காரணம் என்று புலம்புகிறது. டூகல்ட், ரானல்ட், ஆங்கஸ், ஓலாஃப் என்று நான்கு பிள்ளைகளை அது குறிக்கிறது. மாமனார் பெயரையே ஒருவனுக்கு வைத்திருக்கிறார்கள், கவனியுங்கள்.

1153இல் இரண்டு சாவு. மே மாதம் ஸ்காட்லாந்தின் வலிமையான அரசன் டேவிட் இறந்தான். பட்டத்துக்கு வந்த பேரன் மால்கமுக்கு வயது 12. அதே ஆண்டு மேன் தீவில் ஓலாஃபைக் கொன்றார்கள். கொன்றவர்கள் அண்ணன் மகன்கள், டப்ளினில் வளர்ந்தவர்கள். பாதி ராஜ்யம் கேட்டு வந்தார்கள். நமக்குப் பங்காளி என்ற சொல் இருக்கிறது, அதற்குமேல் விளக்கவே வேண்டாம். ராம்சி துறைமுகத்தில் பேச்சுவார்த்தை. இரு தரப்பும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தது. அண்ணன் மகன்களில் ரக்னால்ட் என்பவன் தள்ளி நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். ஓலாஃப் கூப்பிட்டான். அவன் வணங்குவதுபோல் திரும்பி, கோடரியை ஓங்கி, ஒரே வெட்டில் தலையைத் துண்டித்தான். நாளேடு இதை அவ்வளவு நெருக்கமாகச் சொல்கிறது. இதில் நீங்கள் ஒன்றும் சேர்க்க வேண்டாம். வணக்கமும் ஓங்கலும் ஒரே அசைவாக இருந்தது என்பது ஒன்றே போதும்.

நார்வேயில் இருந்த ஓலாஃபின் மகன் கொட்ரெட் திரும்பி வந்து பழி தீர்த்து அரசன் ஆனான். சோமர்லெட் அதே ஆண்டு நவம்பரில் சிறுவன் மால்கமுக்கு எதிராக, தனக்கு மருமகன் முறையான பையன்களோடு சேர்ந்து கலகத்தில் இறங்கினான். டேவிட் இருந்தவரை வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தவன், 12 வயதுப் பையன் வந்ததும் கிளம்பினான் என்றும் படிக்கலாம். அவனை உத்தமனாகக் காட்டும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

பிறகுதான் உண்மையான திருப்பம். கொட்ரெட் ஆட்சி நிலைத்ததும் தீவுத் தலைவர்கள் சிலரின் நிலத்தைப் பிடுங்கினான். அவர்களில் செல்வாக்கு மிகுந்தவன் ஆட்டரின் மகன் தோர்ஃபின். அவன் சோமர்லெட்டிடம் வந்து கேட்டது சோமர்லெட்டை அல்ல, அவன் மகன் டூகல்டை. பையனுக்குத் தாய்வழியில் அரச ரத்தம் இருந்தது, சோமர்லெட்டுக்கு இல்லை. தோர்ஃபின் பையனைக் கப்பலில் ஏற்றித் தீவு தீவாகப் போய் அவனே அரசன் என்று ஏற்கவைத்தான். ஒவ்வொரு தீவிலும் பிணையாட்களையும் வாங்கிக்கொண்டான். கல்யாணம் 1140 வாக்கில் என்றால் டூகல்டுக்கு அப்போது பதினைந்துக்குள்தான் இருக்க வேண்டும்.

இங்கே நம் மொழி கை கொடுக்கிறது. கொட்ரெட் ரக்ன்ஹில்டுக்கு ஒரே அப்பன், வேறு தாய். அப்படியானால் டூகல்டுக்கு அவன் தாய்மாமன். ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு ஒரே சொல்தான், சித்தப்பனுக்கும் அதுதான் மாமனுக்கும் அதுதான். கேலிக்கில் நம்மைப்போலவே ‘தாயின் சகோதரன்’ என்று பிரித்துத்தான் சொல்வார்கள். தாய்மாமனின் நாற்காலியில் மருமகனை உட்கார வைக்கிறார்கள் என்று தமிழில் ஒரு வரி எழுதினால், அதன் கனம் வாசகருக்கு உடனே இறங்கும். என் இரண்டாவது முயற்சியில் அந்த இடத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘ஐலாவின் கரையில் கிழவர்கள் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். தோர்ஃபின் பையனை ஒரு மீன்பெட்டிமேல் ஏற்றி நிறுத்தினான். உயரம் போதவில்லை. கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் கைக்குள் தங்கள் கையை வைத்தார்கள். அவன் கை சில்லிட்டிருந்தது. எட்டாவது ஆள் கையை வைத்ததும் எடுக்கவில்லை. “தம்பி, உன் மாமனுக்கும் இதே கையைத்தான் கொடுத்தேன்” என்றான். பையன் தோர்ஃபினைப் பார்த்தான். தோர்ஃபின் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழவனின் கடைசிப் பிள்ளை, பத்து வயது இருக்கும், அதற்குள் கப்பலில் ஏறி உட்கார்ந்திருந்தான். யாரோ அவனுக்கு ஓர் ஆப்பிள் கொடுத்திருந்தார்கள்.’

பிணையாள் என்ற சொல்லை எங்கும் போடவில்லை. போடத் தேவைப்படவில்லை.

பால் என்ற தலைவன் ஒருவன் நழுவி ஓடிப் போய் கொட்ரெட்டிடம் விஷயத்தைச் சொன்னான். கொட்ரெட் கப்பல்களைத் திரட்டினான். சோமர்லெட் 80 கப்பல்களோடு எதிரே வந்தான். 1156, மூன்று ராஜாக்கள் திருநாள் (ஜனவரி 6) இரவில் கடலில் மோதினார்கள். இரு பக்கமும் பெரும் சேதம். விடிந்ததும் சமாதானம் பேசித் தீவுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1158இல் சோமர்லெட் 53 கப்பல்களோடு மேனுக்கே போனான். கொட்ரெட் நார்வேக்கு ஓடினான்.

படி 6: அந்த இரவுப் போர்

போர் எங்கே நடந்தது என்று நாளேடு சொல்வதில்லை. ஐலாவுக்கு அருகே என்பது பிற்காலத்தார் வைத்த இடம். ஆனால் இரவு என்று சொல்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அட்சரேகையில் ஜனவரியில் மாலை 4 மணிக்கு இருட்டிவிடும். மறுநாள் காலை 9 மணியை ஒட்டித்தான் வெளிச்சம். கிட்டத்தட்ட 17 மணி நேர இருட்டு. கொடி தெரியாது, முகம் தெரியாது. இரு தரப்பிலும் ஒரே வகைக் கப்பல், ஒரே இரண்டு மொழி, பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சம்பந்தி.

நார்ஸ் வழக்கப்படி கடற்போரில் கப்பல்களை ஒன்றோடு ஒன்று கயிற்றால் பிணைத்து மிதக்கும் மேடையாக்கி, அம்பும் கல்லும் ஈட்டியும் எறிந்து, பிறகு எதிரிக் கப்பலில் ஏறுவார்கள். மோதி மூழ்கடிக்கும் போர் அல்ல. குளிர்நீரில் விழுந்தவன் சில நிமிடத்தில் கை விறைத்துப் போவான், இரும்புச் சட்டை போட்டிருந்தால் அதுகூட ஆகாது.

முழுப் போரையும் காட்டாதீர்கள். ஒரே ஒரு படகில் இருங்கள், அதிலும் நடுவில் தண்டுக்காரன் ஒருவன் பக்கத்தில். அவனுக்குத் தெரிவது முன்னால் இருப்பவனின் முதுகு, காதில் விழும் சத்தம், காலடியில் ஏறும் நீர். யார் ஜெயிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. உண்மையில் யாருக்குமே தெரியவில்லை, அதனால்தான் காலையில் பங்கு பிரித்தார்கள்.

படி 7: காலத்துக்கு ஒவ்வாததைக் களையுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் விட்டால் மானம் போகும். மக்டொனால்ட் என்ற பெயர் அப்போது கிடையாது. அந்த டொனால்ட் இவனுடைய பேரன், ரானல்டின் மகன். குலத்துக்கொரு கட்டம் போட்ட துணி, மடிப்புப் பாவாடை எல்லாம் பல நூற்றாண்டு பிந்தியவை. விஸ்கி பற்றிய முதல் எழுத்துச் சான்றே 1494இல்தான், ஆகவே இவர்கள் பீர் குடிக்கட்டும். உருளைக்கிழங்கு வேண்டாம்: வாற்கோதுமை, ஓட்ஸ், ஹெர்ரிங் மீன், பால், வெண்ணெய். பெரிய கல்கோட்டைகளும் அவனுக்குப் பிறகு வந்தவைதான். மரக்கூடமும் மண் அரணும் போதும்.

உடைக்கும் ஆயுதத்துக்கும் லூயிஸ் தீவில் 1831இல் கிடைத்த சதுரங்கக் காய்களைப் பாருங்கள். வால்ரஸ் தந்தத்தில், பெரும்பாலும் நார்வேயின் டிரான்ட்ஹைமில், இவன் காலத்தையொட்டிச் செதுக்கியவை. மொத்தம் 93 துண்டுகள் கிடைத்தன. 82 பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் 11 எடின்பரோவிலும் இருக்கின்றன. கூம்புத் தலைக்கவசம், நீள்கேடயம், மடியில் வாள் கிடத்திய அரசன். சில வீரர்கள் வெறியில் கேடயத்தின் விளிம்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ராணிகள் எல்லாம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் என்று அறிஞர்கள் வாதாடட்டும். கன்னத்தில் கை வைத்தால் என்ன அர்த்தம் என்று நம் வீட்டில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள். ரக்ன்ஹில்டை எனக்கு இந்தக் காய்தான் கொடுத்தது.

படி 8: எந்தச் சாவைத் தேர்ந்தெடுப்பது

எழுச்சி நாவலை 1158இல், கொட்ரெட்டின் கப்பல் அடிவானத்தில் மறைவதோடு முடித்துவிடலாம். சுத்தமாக இருக்கும். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் உச்சம் 1164இல்தான் வருகிறது. அந்த ஆண்டு ஐயோனா மடத்தின் பெரியவர்கள் நால்வர் அயர்லாந்துக்குப் போய், டெர்ரி மடத்துத் தலைவர் ஃப்ளாஹ்வெர்டக் உவா ப்ரோல்ஹைனை ஐயோனாவுக்கும் தலைவராக வரும்படி அழைத்தார்கள். சோமர்லெட்டின் விருப்பத்தோடும் ஆர்கைல், தீவு மக்களின் விருப்பத்தோடும் அழைத்ததாக ஐரிஷ் குறிப்பு சொல்கிறது. அர்மா ஆயரும் அயர்லாந்து அரசனும் விடவில்லை. கப்பலும் தீவும் கிடைத்தவன் இப்போது புனிதரையும் கேட்கிறான். கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட அதே வேளையில் 160 கப்பல்களோடு கிளைட் ஆற்றில் ஏறினான்.

ஏன் போனான்? மால்கமின் ஆள் வால்டர் ரென்ஃப்ரூவில் வேரூன்றி, மேற்குக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தான் என்பது வலுவான காரணம். அந்த வால்டரின் வழியில்தான் பின்னாளில் ஸ்டூவர்ட் அரசர்கள் வந்தார்கள். கடலை விட்டு ஆற்றுக்குள் போனது அவன் செய்த முதல் பிழை என்று நான் நினைக்கிறேன். நீர்க்கணக்குத் தெரிந்தவன் நிலத்தில் இறங்கினான்.

சாவு மூன்று விதம். வில்லியமின் பாட்டில், முதல் மோதலிலேயே ஈட்டி தைத்து, வாள் வெட்டி விழுகிறான். குலவரலாற்றில், காசுக்கு விலைபோன சொந்த ஆள் கூடாரத்துக்குள் புகுந்து கொல்கிறான், ஏனென்றால் நேர்ப்போரில் அவன் தோற்க முடியாது. சாகாவில் ஆர்க்னியின் ஸ்வெய்ன் கொல்கிறான். அது வெறும் குழப்பம், தள்ளிவிடலாம். அவனோடு ஒரு மகனும் இறந்தான். ஐரிஷ் குறிப்பு அந்த மகனை கில்லே பிரிஜ்டே என்கிறது. தாத்தாவின் பெயர்.

நான் வில்லியமைத் தேர்ந்தெடுப்பேன், உண்மை என்பதற்காக மட்டுமல்ல. அந்தப் பாட்டில் ஒரு விந்தை இருக்கிறது. ஹெதர் புதர்களும் முட்செடிகளும் தலையசைத்து, தீயின் புகையோடு சேர்ந்து, படையெடுத்து வந்தவர்களுக்குப் போர்வீரர்களாகத் தெரிந்தன என்கிறார். மாட்டுத்தோலைப் போர்த்திப் பொய்ப்படை காட்டியவன் கடைசியில் செடிகளின் பொய்ப்படையைப் பார்த்துத் தடுமாறுகிறான். ஒன்று குலக்கதை, ஒன்று எதிரியின் பாட்டு, இரண்டுக்கும் நடுவில் நான்கைந்து நூற்றாண்டு. இந்த முடிச்சைப் போடுவதற்குத்தான் நாவலாசிரியர் தேவை.

தலை ஆயர் கைக்குப் போனபின் ஓர் அத்தியாயம் பாக்கி இருக்கும். நார்வேயிலிருந்து கொட்ரெட் திரும்பி வந்து மேனை மீட்டான். ஆனால் 1156இல் பிரித்துக் கொடுத்த தீவுகள் சோமர்லெட்டின் பிள்ளைகளிடமே நின்றுவிட்டன. அதை அரசவையில் வைத்து எழுதாதீர்கள். கரையில் எழுதுங்கள். 160இல் தப்பியவை ஒவ்வொன்றாக வருகின்றன. ரக்ன்ஹில்ட் நிற்கிறாள், பக்கத்தில் டூகல்ட், இப்போது மீன்பெட்டி தேவைப்படாத உயரம். அவள் கப்பல்களை எண்ணவில்லை, ஒவ்வொன்றிலும் எத்தனை தண்டு அசைகிறது என்று எண்ணுகிறாள்.